என் மனைவி எனக்குத் தங்கையாக இருந்த மூன்று வாரங்கள்

மூன்று வாரம் நான் என் மனைவியை என் தங்கை என்று நம்பிக்கொண்டிருந்தேன். போதையில் அல்ல, எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. காய்ச்சலும் கிடையாது. தினமும் கடையைத் திறந்து, கூறைச் சேலை விரித்துக் காட்டி, சாயம் போகாது என்று சத்தியம் செய்து, கடையை மூடி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, முழு நினைவோடுதான் நம்பினேன். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பிள்ளைகள் இரண்டு. மூத்தவளுக்கு லியோனில் வேலை. இளையவன் எங்களோடுதான் இருக்கிறான், ஆனால் நாங்கள் அவனோடு இல்லாதது மாதிரி நடந்துகொள்வான்.

எங்கள் மார்க்கத்தில் ஒரு தாயிடம் பால் குடித்த பிள்ளைகள், பெற்ற வயிறு வேறாக இருந்தாலும் உடன்பிறந்தவர்கள்தான். அவர்களுக்குள் நிக்காஹ் கூடாது. தெரியாமல் நடந்திருந்தால் தெரிந்த நிமிடத்தோடு அது முடிந்தது. யாரும் தலாக் சொல்ல வேண்டியதில்லை, எந்த அலுவலகத்திலும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பிரான்சில் இவ்வளவு சுலபமாக முடியக்கூடிய வேலை வேறு ஒன்றும் இல்லை.

எல்லாம் கடைப் பலகையால் வந்தது.

என் சேலைக் கடை பாரிஸில், லா ஷாப்பலுக்கும் மார்க்ஸ் டோர்மோவாவுக்கும் நடுவில், ஒரு சந்தில் இருக்கிறது. பலகை மழையில் வெளுத்துப் போனதால் புதிது மாட்டலாம் என்று நினைத்தேன். எதிர்க் கடைக்காரர் தன் பலகையில் ‘பாரிஸின் முதல் தமிழ்க் கடை’ என்று போட்டிருந்தார். அந்தத் தெருவில் அப்படிப் போட்டிருப்பவர்கள் மூன்று பேர். நான் ‘நான்கு தலைமுறை ஜவுளி வணிகர்’ என்று போட்டுவிட்டால் மூவரும் வாயை மூடுவார்கள். பலகை எழுதுகிறவன் பிரெஞ்சுக்காரன். அவனுக்குத் தமிழும் தெரியாது, தலைமுறையும் தெரியாது. எந்த ஆண்டிலிருந்து என்று மட்டும் கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். நாங்கள் காரைக்கால். என் கொள்ளுப்பாட்டனார் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கப்பல் ஏறி வியட்நாமுக்கு, சைகோனுக்குப் போனார். தெருத்தெருவாக விற்று, பிறகு சந்தைக்குப் பக்கத்தில் ஒரு இடுக்கில் கடை வைத்தார். பாட்டனார் அந்த இடுக்கைக் கண்ணாடிக் கதவு போட்ட கடை ஆக்கினார். வாப்பா காலத்தில் சைகோனே கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறியது. கடையையும் சரக்கையும் அப்படியே விட்டுவிட்டு, பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதத்தை மட்டும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பாரிஸ் வந்து இறங்கினார். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். யாழ்ப்பாணத்துச் சனம் வந்து சேரச் சேர, வீட்டிலேயே சேலை விற்க ஆரம்பித்து, அப்புறம் இந்தக் கடையைப் பிடித்தார். அவருக்குப் பிறகு நான். எனக்குப் பிறகு யாரும் இல்லை. என் மகனிடம் கடையைப் பற்றிப் பேச்செடுத்தால் பிரெஞ்சில் பதில் வரும். அதில் ‘இல்லை’ என்ற சொல் மட்டும் எனக்கு நன்றாகக் கேட்கும்.

கடல் கடந்து சபுர் போகிறவர்களை எங்கள் ஊரில் சபுராளி என்போம். எங்கள் குடும்ப வரலாறு முழுக்கச் சபுராளிகளின் வரலாறு. கப்பல் ஏறினார், கடை வைத்தார், வந்தார், ஒரு பிள்ளைக்குத் தகப்பனானார், பிள்ளை முகம் பார்க்குமுன் மறுபடி கப்பல் ஏறினார். எனக்கு முந்தைய மூன்று தலைமுறைக்கும் இதே கதைதான். ஆளை மாற்றிப் போட்டால் போதும். எழுத உட்கார்ந்தால் எனக்கே கொட்டாவி வந்தது. எந்த ஆண்டு என்பதுதான் வரவில்லை.

ஊரில் கேட்க ஆள் இல்லை. உம்மாவும் மாமியாரும் மௌத்தாகிப் பல வருடம் ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது பாரிஸ் புறநகர் எபினேயில் இருந்த பெரியம்மா மட்டும். என் மாமியாருக்கு அவர் கூடப்பிறந்த அக்காள். என் மனைவிக்குப் பெரியம்மா, அதனால் எனக்கும் பெரியம்மா. கணவர் இறந்த பிறகு அரசாங்கக் குடியிருப்பில் ஏழாவது மாடியில் தனியாக இருக்கிறார். என் மனைவி வாரம் ஒரு தடவை போய்ச் சமைத்து வைத்துவிட்டு வருவாள். நான் பெருநாளைக்குப் பெருநாள் போய்த் தலையைக் காட்டுகிறவன். பலகைக்காக ஒரு திங்கட்கிழமை, கடை மூடியிருந்த நாளில், பேரீச்சம்பழப் பெட்டியோடு போனேன். ஏழு மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. பெரியம்மா வீட்டுக்கு நான் போகும்போது லிஃப்ட் வேலை செய்து பார்த்ததில்லை.

கொள்ளுப்பாட்டனார் எந்த வருடம் கப்பல் ஏறினார் என்று கேட்டேன்.

“ஆம்புளைங்க எப்பக் கப்பல் ஏறினாங்கன்னு யாரு பார்த்தா? எறங்குனப்பதான் பார்ப்போம். எறங்குனா அடுப்புல கூட ஒரு சட்டி ஏறும், அவ்வளவுதான்” என்றார்.

பெயராவது சொல்லுங்கள் என்றேன். அதுவும் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் வீட்டுப் பெண்களின் பெயர்கள் தெரிந்திருந்தன. எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கல்யாணமானதும் பெண்டாட்டி வீட்டுக்குப் போய்விடுவான், அல்லது கப்பலுக்கு. அதனால் தாய், மகள், பேத்தி என்று அவர் ஒரே மூச்சில் பின்னால் போய்க்கொண்டே இருந்தார். எனக்கு அதில் அக்கறை இல்லை. பலகையில் போட முடியாது. தலையாட்டிக்கொண்டு, டீயில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டு இருந்தேன்.

பேச்சு எப்படியோ என்மேல் வந்தது. காரைக்காலில் என் உம்மா வீடும் பெரியம்மா வீடும் அடுத்தடுத்த வீடு, கொல்லைப் பக்கம் நடுவில் ஒரு சின்னக் கதவு. பெண்கள் தெருவுக்கு வராமல் அது வழியாகவே போய்வருவார்கள். அதைச் சொல்லிக்கொண்டே வந்தவர் சொன்னார்: “நீ எங்க வீட்டுலயும் பால் குடிச்ச புள்ளதானே.”

பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் பெண் ஊசி போட வந்துவிட்டாள். பெரியம்மா கையை நீட்டினார். நான் எழுந்து செருப்பைத் தேடினேன். வேறு எவனாக இருந்தாலும் ஊசி முடியும்வரை நின்று, யார் கொடுத்தது என்று ஒரு கேள்வி கேட்டிருப்பான். நான் ஏழு மாடியும் ஒரே ஓட்டமாக இறங்கி, ஸ்டேஷனுக்கு வந்து, எதிர்ப் பக்கம் போகிற ரயிலில் ஏறிவிட்டேன்.

‘எங்க வீடு’ என்று அவர் சொன்னது எனக்கு ஒரே ஒரு வீடுதான். நான் மாப்பிள்ளையாகப் போய் இறங்கிய வீடு. அந்த வீட்டில் எனக்குத் தெரிந்த தாய் என் மாமியார் ஒருவர்தான். கணக்கு முடிந்தது. மாமியார் எனக்குப் பால் கொடுத்திருக்கிறார். மாமியார் என் தாய். மனைவி என் தங்கை. என் பிள்ளைகளுக்கு நான் மாமன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஆப்பிரிக்கக் கிழவி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து எனக்கு முதுகுவலி. பொய் முதுகுவலிதான், ஆனால் முன்கூடத்தில் இருந்த சோபாவில் படுத்துப் படுத்து இரண்டாவது வாரத்தில் அது நிஜமாகிவிட்டது. மனைவி தைலம் தேய்க்க வந்தாள். வேண்டாம் என்று துள்ளி எழுந்தேன், முதுகுவலிக்காரன் அப்படித் துள்ளமாட்டான். அவள் தைலத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஒரே ஆறுதல், தங்கை என்றால் ஒரே வீட்டில் இருக்கலாம். அவள் கையால் சாப்பிடலாம். அவள் துணி துவைத்துப் போடலாம். மார்க்கத்தில் அதற்கெல்லாம் தடை இல்லை. யோசித்துப் பார்த்தால் கடைசிப் பத்து வருடமாக எங்கள் வீட்டில் நடப்பதில் பெரும்பகுதிக்குத் தடை இல்லை. இந்த வேடிக்கையை எனக்குள்ளே சொல்லிச் சிரித்துக்கொண்டேன். சிரித்த பிறகு இன்னும் மோசமாக இருந்தது. அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் இல்லாத வீட்டை யோசித்துப் பார்ப்பேன். அப்புறம் யோசிக்கமாட்டேன்.

அவளிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் அவளுக்கும் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் முடிந்தது. எனக்கு மட்டும் தெரிந்திருக்கிறவரை பாவம் என் ஒருவன் தலையோடு போகும் என்று ஒரு கணக்கு. அப்படி ஒரு சட்டம் எங்கும் இல்லை. நானே போட்டுக்கொண்டது.

பக்கத்துக் கடையில் ரோல்ஸும் வடையும் போடுகிற யாழ்ப்பாணத்துக்காரர் என்னைவிட வயதில் சின்னவர், இருபது வருடப் பழக்கம். ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் அவரிடம் என் நண்பன் ஒருவனுக்கு இப்படி ஒரு சிக்கல் என்று ஆரம்பித்தேன். பால் சமாசாரத்தை விளக்கினேன். அவர் மாவு பிசைந்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

“உங்கடை கூட்டாளிக்குப் பிள்ளையள் இருக்கோ அண்ணை?”

இரண்டு என்றேன்.

“அப்ப இனி என்ன செய்யிறது? பிள்ளையளைத் திருப்பிக் குடுக்கவோ ஏலும்?” மாவை ஒரு அடி அடித்தார். “உங்கடை கூட்டாளியும் உங்களை மாதிரித்தான் சவரம் செய்யாமத் திரியிறாரோ?”

நான் தாடையைத் தடவினேன். அவர் ஒரு ரோல்ஸைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். “முதல்ல இதைச் சாப்பிடுங்கோ. பிறகு போய் மனிசியோட கதையுங்கோ. உங்கடை கூட்டாளியைத்தான் சொல்லுறன்.”

மனிசி என்பது அவர்கள் பேச்சில் மனைவி. அவளோடு பேசுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் இமாமிடம் போனேன். மொரோக்கோக்காரர், பொறுமைசாலி. பிரெஞ்சில் அதே நண்பன் கதையைச் சொன்னேன். யார் பால் கொடுத்தது, எத்தனை வயதில், எத்தனை முறை, வயிறு நிறையவா, யார் சாட்சி என்று வரிசையாகக் கேட்டார். நண்பனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உங்கள் ஊர்க்காரர்கள் ஷாஃபி மத்ஹப் வழி நடப்பவர்கள், உங்களுக்கு ஐந்து தடவையாவது வயிறு நிறையக் குடித்திருக்க வேண்டும், முதலில் உங்கள் நண்பரைப் போய் விசாரிக்கச் சொல்லுங்கள், விசாரிக்காமல் பயப்படுவதற்குக் கூலி கிடையாது என்றார். ஐந்து என்றதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. நாலுதான் குடித்திருப்பேன் என்று இரண்டு நாள் நம்பினேன். பிறகு கண்ணாடியில் என் வயிற்றைப் பார்த்தேன். குழந்தையாக இருந்தபோதும் நாலோடு நிறுத்துகிற ஆளாக நான் இருந்திருக்க முடியாது.

இதற்கு நடுவில் பலகைக்காரன் இரண்டு தடவை போன் செய்தான். எந்த ஆண்டு என்று. எடுக்கவில்லை.

மூன்றாவது வாரம் மனைவி கடைக்கு வந்தாள். வழக்கமாக வரமாட்டாள். நான் ஏணிமேல் நின்று மேல்தட்டில் பட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் கதவில் ‘மூடியிருக்கிறது’ அட்டையைத் திருப்பிவிட்டு, வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“மச்சான், உங்களுக்கு உடம்புல ஏதும் இருக்கா? டாக்டர் ஏதும் சொன்னாரா?”

இல்லை என்றேன்.

“அப்ப வேற யாரும் இருக்காங்களா?”

அதைக் கேட்டபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. மடியில் வைத்திருந்த பையின் பிடியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். மூன்று வாரமாக அவள் எதை மனதில் வைத்துக்கொண்டு சமைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் பயத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவனுக்கு அவளுக்கும் ஒன்று இருக்கும் என்று தோன்றவில்லை.

ஏணியிலிருந்து இறங்காமலே சொல்லிவிட்டேன். இறங்கினால் சொல்லியிருக்க மாட்டேன்.

அவள் சிரிப்பாள் என்றோ அழுவாள் என்றோ எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. என் செருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“எனக்கும் உங்களுக்கும் எத்தனை வயசு வித்தியாசம்?”

ஏழு.

“எங்க உம்மாவுக்கு நான் எத்தனாவது புள்ள?”

முதல் பிள்ளை.

“நீங்க பால் குடிக்கிற காலத்துல எங்க உம்மாவுக்கு நிக்காஹே ஆகலை. பாவாடை கட்டிக்கிட்டு ஓதப் போய்க்கிட்டு இருந்தாங்க. அவங்க எங்கேருந்து உங்களுக்குப் பால் கொடுப்பாங்க? இந்தத் தலையை வச்சுக்கிட்டுத்தான் கடை நடத்துறீங்களா?”

வரிக் கணக்கை மனதுக்குள்ளேயே போடுகிறவன் நான். சேலை எத்தனை முழம் என்று கையில் தொட்டதும் சொல்வேன். இந்தக் கழித்தல் எனக்கு வரவில்லை. ஏணியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கொடுத்தது பெரியம்மா என்று அவள் சொன்னாள். ஊருக்கே தெரியுமாம். எங்கள் நிக்காஹ் பேசியபோது பள்ளிவாசல் லெப்பை அதை விசாரித்து, பெரியம்மாவின் தங்கை மகள்தானே, தடையில்லை என்று சொன்ன பிறகுதான் நாள் குறித்தார்களாம். பெரியம்மா உங்களுக்குப் பால்குடித் தாய், நான் அவங்க தங்கச்சி பொண்ணு, சின்னம்மா மகளைக் கட்ட நம் மார்க்கத்தில் தடை இல்லை என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். மற்ற ஆண்கள் வந்தால் துப்பட்டியை இழுத்து மூடுகிற பெரியம்மா எனக்கு மட்டும் ஏன் மூடுவதில்லை என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா என்றும் கேட்டாள். பாரிஸ் வந்து பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

எனக்கு மட்டும் ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். “உங்க வாப்பாகிட்ட சொல்லியிருப்பாங்கன்னு எல்லாரும் நினைச்சாங்க. உங்க வாப்பா எப்ப ஊர்ல இருந்தாரு, சொல்றதுக்கு?”

எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். கதவருகே நின்றாள்.

“வேற ஒருத்தி இருக்கான்னு நினைச்சு நான் மூணு வாரமா ஒழுங்காத் தூங்கலை. இதுக்கு அதுவே பரவாயில்லைன்னு இருக்கு.”

அதில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. முழுதாக இல்லை. அன்று வீட்டுக்குப் போனபோது சோபாவில் இருந்த தலையணை பழைய இடத்துக்குப் போயிருந்தது. முதுகு நிஜமாகவே வலித்ததால் தைலம் தேய்த்துவிட்டாள், கொஞ்சம் அழுத்தமாகவே.

ஆனால் அவளுக்கும் ஒன்று தெரியவில்லை. என் உம்மாவுக்குப் பால் இல்லாமல் போனது ஏன் என்று கேட்டேன். காய்ச்சலாக இருந்திருக்கும் என்றாள். அவளாகவே ஊகித்ததுதான். அடுத்த திங்கட்கிழமை இருவரும் எபினே போனோம். ஏழு மாடியும் அவளுக்குப் பின்னால் ஏறினேன். பெரியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் வந்து போய்விட்டிருந்தாள். மனைவி என் மூன்று வாரத்தை அவரிடம் சொன்னாள், நடித்துக் காட்டியே சொன்னாள். பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே, “ஒன் உம்மாவுக்கு ஏன் பாலில்லாமப் போவுது? அவங்களுக்கு நெறைய இருந்துச்சு” என்றார். அப்புறம் மிச்சத்தைச் சொன்னார், யாருக்கோ நடந்தது போல.

நடந்தது இதுதான். பெரியம்மாவுக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. அது காய்ச்சலில் இறந்துவிட்டது. அவருக்குப் பால் கட்டி, வலி தாங்காமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் என் உம்மாவுக்குக் கேட்டது. உம்மா கொல்லைக் கதவு வழியாக என்னைத் தூக்கிக்கொண்டு வந்து, அவர் மடியில் போட்டுவிட்டு, நான் குடித்து முடிக்கிறவரை வெளியே போய் உட்கார்ந்திருந்தார். பிறகு தினமும் காலையிலும் மாலையிலும் கொண்டுவந்தார். பெரியம்மாவின் கணவர் அப்போது சைகோனில் இருந்தார். தந்தி கொடுத்தால் தூர தேசத்தில் இருக்கிற ஆண் பயந்துபோவான் என்று பெரியவர்கள் கடிதம்தான் போட்டார்கள். பிள்ளை பிறந்ததைச் சொன்ன கடிதமும் இறந்ததைச் சொன்ன கடிதமும் அவருக்கு ஒரே நாளில் கிடைத்தன. அதற்குள் இங்கே பெரியம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது.